தபாலில் போடாத உறை

1987இல் சந்திரமதி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரண்டு வருடங்கள்கூட ஆகியிருக்கவில்லை. சுவிட்சர்லாந்தில் ஷாஃப்ஹவுசனுக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், முதியோர் இல்லத்தில் அவளுக்குத் துப்புரவு வேலை. மூன்றாம் மாடியிலிருந்த ஃப்ரௌ மெர்ஸ் என்ற எண்பத்திரண்டு வயதுப் பெண்மணிக்கு இவளை மிகவும் பிடிக்கும். தலைவாரிவிட இவளைத்தான் கேட்பாள். இவளுடைய அகதி விண்ணப்பத்துக்கு வரும் கடிதங்களையும் வாசித்து விளக்குவாள்.

அந்த இலையுதிர்காலத்தில் ஊர்ச்சபைத் தலைவர் தேர்தல் வந்தது. பள்ளி ஆசிரியர் ஒருவரும் மரம் அரிந்து விற்கும் மரக்காலை முதலாளி ஒருவரும் போட்டியிட்டார்கள். சந்திரமதியும் கணவன் குலேந்திரனும் வேறு பதினொரு தமிழரும் தங்கியிருந்த அகதி விடுதியை மூடுவேன் என்று முதலாளி மேடையிலேயே சொன்னார். ஆசிரியர் அதை எதிர்த்தார்.

நடக்க முடியாதவர்கள் தபாலில் வாக்களிக்கலாம். வியாழக்கிழமை ஃப்ரௌ மெர்ஸ் ஒட்டிய உறையொன்றை நீட்டினாள்.

"இன்றைக்கே போட்டுவிடு."

சந்திரமதி அதைக் கோட்டுப் பைக்குள் வைத்தாள். வெளியே வந்தபோது பஸ் புறப்படப் பார்த்தது. ஓடிப்போய் ஏறினாள். உறையை மறந்தே போனாள்.

ஞாயிறு மாலை குலேந்திரன் மூச்சிரைக்க விடுதிக்குள் வந்தான்.

"மதி, வாத்தியார் வெண்டிட்டார்! முந்நூற்றி எண்பத்தெட்டுக்கு முந்நூற்றி எண்பத்தேழு. ஒரேயொரு வோட்டு!"

எல்லோரும் கத்திக் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை பஸ் தரிப்பிடத்தில், குளிருக்குப் பைக்குள் கைவிட்டவளின் விரலில் உறை தட்டுப்பட்டது. விடுதிக்குத் திரும்பி ஓடி அதைக் கணவனிடம் காட்டினாள்.

"கிழிச்செறியும். ஆருக்குத் தெரியப்போகுது?" என்றான் குலேந்திரன்.

"அது அவவின்ர வோட்டு. நான் என்னெண்டு கிழிக்கிறது?"

ஃப்ரௌ மெர்ஸும் ஆசிரியருக்குத்தான் போட்டிருப்பாள், அவர்தான் வென்றுவிட்டாரே என்ற ஆறுதலோடு அவள் மூன்றாம் மாடிக்குப் போனாள். உறையை மேசையில் வைத்து நடந்ததைச் சொன்னாள்.

கிழவி உறையைத் திருப்பிப் பார்த்தாள். "நான் மரக்காலைக்காரரின் பெயரை எழுதியிருந்தேன்."

சந்திரமதிக்குத் தான் பிழையாகக் கேட்டுவிட்டதாகத் தோன்றியது. "ஏன்?"

"ஊர் மாறிக்கொண்டு போகிறது. பயமாக இருக்கிறது. உன்னை நினைத்து எழுதவில்லை."

"அந்த விடுதியில்தான் நான் இருக்கிறேன்."



சந்திரமதி நேரே இல்லப் பொறுப்பாளரிடம் போய் ஒப்புக்கொண்டாள். அவர் அவளுக்கு எழுத்தில் எச்சரிக்கை கொடுத்தார். பிந்திய உறையைத் திறக்க முடியாது. ஆனால் வாக்காளர் மூன்று நாட்களுக்குள் முறையிட்டால் முடிவை மறுபடி ஆராய்வார்கள் என்று சொல்லி, முறைப்பாட்டுத் தாளை ஃப்ரௌ மெர்ஸிடம் அனுப்பினார். அந்த மூன்று நாட்களும் சந்திரமதி மூன்றாம் மாடியைக் கடைசியாகவே துடைத்தாள்.

ஃப்ரௌ மெர்ஸ் கையெழுத்திடவில்லை. ஏன் என்று சொல்லவுமில்லை. சந்திரமதி கேட்கவுமில்லை, நன்றி சொல்லவுமில்லை.

விடுதி மூடப்படவில்லை. சந்திரமதி அந்த இல்லத்தில் பதினான்கு வருடங்கள் வேலை செய்தாள். ஃப்ரௌ மெர்ஸ் உயிரோடிருந்த காலம்வரை, மற்ற அறைகளுக்குள் தட்டியதுமே நுழைகிறவள், அந்த ஒரு அறைக்கதவைத் தட்டிவிட்டுச் சற்று நின்றுதான் உள்ளே போவாள்.