துரை பெரட்டுக்குப் பிந்தி வந்த நாள்

கொதித்த பால்மாவும் ஈர ஸ்வெட்டரும் கலந்த வாசம்... ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நான் வேலை பார்த்த பிள்ளை மடுவத்துக்கு அந்த வாசம்தான்.

அம்மாமார் கொழுந்து பறிக்கப் போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. அந்த வருஷம்தான் பலகையை மாற்றி 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று எழுதியிருந்தார்கள். கூரை பழையபடி ஒழுகியது. அபிவிருத்தி பலகையிலிருந்து தொடங்கியிருந்தது.

நான் தற்காலிக டீச்சர். நிரந்தரமாக வேண்டுமானால், பதுளையில் நடந்த ஆங்கிலப் பயிற்சிச் செயலமர்வை முடித்து, கொழும்பிலிருந்து பயிற்சி தர வரும் வளவாளர் மேடத்தின் முன்னால் ஒரு பாடம் நடத்திக் காட்ட வேண்டும். அவரும் சரி சொல்ல வேண்டும், தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரையும் சரி சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் வேலை இன்னொருத்திக்கு. அந்த இன்னொருத்தி யார் என்பதை என் அம்மா ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தார்.

செயலமர்வில் மேடம் சொன்னது இதுதான்: பிள்ளைகளை விளையாட விடுங்கள், காது கொடுத்துக் கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள், அவர்களிடம் இருக்கிற மொழியிலிருந்து தொடங்குங்கள். எல்லோரும் பவ்யமாக எழுதிக்கொண்டோம். தோட்டத்துக்குத் திரும்பியதும் பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாட்டை மனப்பாடம் செய்வித்தோம்.

அந்த நாளும் வந்தது...

மேடம் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்தார். துரை இன்னும் வரவில்லை. நான் பாட்டைத் தொடங்கினேன். மேடம் கையை உயர்த்தினார்.

"பாட்டு வேணாம் டீச்சர். நீங்க இல்லாத நேரம் இவங்க என்ன விளையாடுவாங்களோ, அத விளையாடச் சொல்லுங்க."

நான் இல்லாத நேரம் அவர்கள் விளையாடுவது பெரட்டு.

காலையில் தொழிலாளர்கள் வரிசையில் நின்று அன்றைய வேலையை வாங்கிக்கொள்வதுதான் பெரட்டு. பிந்தி வந்தவர்களைத் துரை அவர்கள் வீட்டுக்கே திருப்பி அனுப்பிவிடுவார். அம்மாவின் இடுப்பில் தூங்கி வழிந்தபடி தினமும் அதைப் பார்த்த பிள்ளைகள் இவர்கள்.

தனம் என்ற நான்கு வயதுச் சிறுமி முன்னால் வந்து இடுப்பில் கை வைத்தாள். அவளை யாரும் தெரிவு செய்யவில்லை. துரைகளை யாரும் தெரிவு செய்வதில்லை.

"சலாங்க தொரை!" என்றது வரிசை.

"வாட் இஸ் திஸ்? நோ டாக்கிங்! யூ லேசி!" என்றாள் தனம்.

சுத்தமான ஆங்கிலம். அதில் ஒரு சொல்கூட நான் சொல்லிக் கொடுத்ததில்லை. மேடத்தின் பேனா ஓடத் தொடங்கியது.

அப்போதுதான் வெளியே ஜீப் நின்றது...

துரை வாசலில் வந்து நின்றார். வரிசை விறைத்துப்போனது. தனம் மட்டும் இன்னும் துரையாகவே இருந்தாள். அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"யூ! லேட்! கோ ஹோம்!"

பால் காய்ச்சும் மாரியாயி அக்கா என் காதருகில் முணுமுணுத்தார். "போச்சு டீச்சர். இவ ஆத்தாளுக்கும் வேல இல்ல, ஒங்களுக்கும் இல்ல. நா போயி பாலையாவது ஆத்துறேன்."

துரை என்னைப் பார்த்தார், மேடத்தைப் பார்த்தார். மேடம் பேனாவை நிறுத்தி அவருடைய பதிலுக்காகக் காத்திருந்தார். பதிலுக்குக் காத்திருப்பதும் செயலமர்வில் சொன்னதுதான்.

"ரோட்டுல மண்ணு சரிஞ்சிருச்சும்மா..." என்றார் துரை. தமிழில்.

"நோ! கோ!"

அவர் திரும்பி நடந்தார். ஜீப் கிளம்பியது. விளையாடினாரா, கோபித்துக்கொண்டாரா... முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேடம், "அருமையான பாடம் டீச்சர்," என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது மனதில் ஏறவேயில்லை.

சாயந்தரம் கங்காணி வந்தார்.

"தொரை சரின்னுட்டாரு டீச்சர். ஆனா ஒண்ணு கேட்டாரு. புள்ளைக்கு இப்படிப் பேச யாரு சொல்லிக் குடுத்ததுன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நா எதுக்குங்க வாயத் தொறக்குறேன்? தலையச் சொறிஞ்சிக்கிட்டு அவரையே பாத்துக்கிட்டு நின்னேன். அப்புறம் அவரு கேக்கல."

இப்போது நானும் வளவாளர். பண்டாரவளையில் மண்டபம், புரொஜெக்டர், மதியத்துக்குப் புரியாணி. 'காது கொடுத்துக் கேளுங்கள்' என்ற ஸ்லைடை இளம் டீச்சர்கள் போனில் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அத்தோடு கேட்டு முடிந்துவிடுகிறது.

போன மாதம் பூனாகலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்துச் சிறுவர் நிலையத்துக்குப் போனேன். சுவரெல்லாம் யானையும் முயலும். ஒரு மரக்கட்டையைப் போனாக நிறுத்திவைத்து, "ஹாய் கைஸ், வெல்கம் டு மை சேனல்!" என்று பிள்ளைகள் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். என்னை விட நல்ல உச்சரிப்பு. இங்கே யாரும் பெரட்டு விளையாடுவதில்லையா என்று டீச்சரிடம் கேட்டேன். சிரித்தார். "அதெல்லாம் இந்தப் புள்ளைங்களுக்குத் தெரியாது மிஸ்."

நிம்மதியாகத்தான் இருந்தது. கொஞ்சம் ஏமாற்றமாகவும்...

மூலையில் இரண்டு பாய்கள் சுருட்டியபடி இருந்தன. யாருடையவை என்றேன்.

"அந்த ரெண்டு புள்ளைங்களும் இன்னிக்கு வரல மிஸ். அம்மாமாரு காலையில பெரட்டுக்கு லேட்டாம்... திருப்பி அனுப்பிட்டாங்க."