மஞ்சுளாவின் சிவப்புத் தட்டு

போன சனிக்கிழமை காலை எங்கள் பால்கனியிலிருந்து ஒரு படம் எடுத்தேன். ஓசூரில் பனி இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அந்தப் பனிக்குள் கம்பெனி பஸ்கள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக அத்திப்பள்ளிப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. எடுத்த கையோடு எங்கள் பழைய லேடீஸ் ஹாஸ்டல் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கைதட்டலும் பூங்கொத்துமாக வந்து விழுந்தன. கடைசியாக மஞ்சுளாவிடமிருந்து ஒரு சிவப்பு இதயமும் ‘சூப்பர்’ என்ற ஒற்றைச் சொல்லும் வந்தன. எனக்கு முகம் தொங்கிப்போய்விட்டது.

“நல்லாருக்குன்னு சொன்னதுக்கு மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கிற ஒரே ஆளு நீதான்” என்றார் என் கணவர். அவருக்கு அந்தக் கால மஞ்சுளாவைத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. அதனால் சொல்லிவிடுகிறேன்.

நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. படிப்பு முடிந்ததும் ஓசூர் சிப்காட்டில், வண்டிகளுக்குச் சின்னச் சின்ன உதிரிபாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தேன். இன்ஸ்பெக்‌ஷன் பிரிவு. ட்யூப்லைட்டுக்கு அடியில் உட்கார்ந்து ஒவ்வொரு பாகத்தையும் விரலால் உருட்டிப் பார்க்க வேண்டும். கீறலும் பிசிறும் இல்லையென்றால் பச்சைத் தட்டு. சரிசெய்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்றால் மஞ்சள் தட்டு. தேறாது என்றால் சிவப்புத் தட்டு, ரிஜெக்ட். பக்கத்து ஸ்டூலில் மஞ்சுளா. என் வயதுதான், ஓசூருக்குப் பக்கத்தில் தளி என்கிற ஊர்க்காரி. வீட்டில் கன்னடம், பஸ்ஸில் தெலுங்கு, எங்களோடு தமிழ். ஹாஸ்டலிலும் இரண்டு பேருக்கும் ஒரே அறை. எங்கள் ஊரில் பெண்களை ‘அடியே’ என்பதற்குப் பதிலாகக் கூப்பிடும் ‘ஏட்டி’யை நான் வாய்க்கு வாய் போடுவதைக் கேட்டு, கேலிக்காக அவளும் அதைப் பழகிக்கொண்டாள். அவள் வாயில் அது தளியிலிருந்து கிளம்பி ஓசூர் வரைக்கும் நீளும்.

துருப்பிடிக்காமல் இருக்க அந்தப் பாகங்களில் ஓர் எண்ணெய் பூசியிருப்பார்கள். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாசனை கையை விட்டுப் போகாது, சாம்பார் சாதம்கூட அப்படித்தான் மணக்கும். இன்றைக்கும் சர்வீஸ் விட்டு வாங்கிவந்த ஸ்கூட்டரில் அந்த வாசனை லேசாக அடித்தால் எனக்கு ஞாபகம் வருவது தொழிற்சாலை இல்லை, போட்டோக்கள்தான். அந்தக் காலத்தில் நான் பிரிண்ட் போட்ட ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் மஞ்சுளாவின் எண்ணெய்க் கட்டைவிரல் பதிந்திருக்கும்.

என் அண்ணன் துபாயிலிருந்து ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா கொண்டுவந்து கொடுத்திருந்தான். அது கைக்கு வந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. வார லீவில் மலைக்கோயில், ராமநாயக்கன் ஏரி, ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள் என்று சுற்றிச் சுற்றி எடுத்து, பஸ் ஸ்டாண்ட் பக்கத்து ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு வருவேன். ஹாஸ்டல் பெண்கள் “ஐயோ, காலண்டர் மாதிரியே இருக்கு” என்பார்கள். நானும் நம்பிக்கொண்டு தரையில் கால் பாவாமல் திரிவேன். மஞ்சுளா மட்டும் ஷிப்ட் முடிந்து வந்து, கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, படங்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பாள். போர்வைமேல் மூன்று குவியல் வைப்பாள். எது எந்தத் தட்டு என்று அவள் சொல்லத் தேவையில்லை, எனக்கும் அதுதானே பிழைப்பு. சிவப்புக் குவியல்தான் எப்போதும் உயரமாக இருக்கும். லென்ஸின் ஓரத்தில் என் விரல் விழுந்துவிட்ட ஒரு படத்தை மட்டும் தனியாக எடுத்து, “ஏட்டீ, விரல மட்டும் நல்லா எடுத்திருக்க” என்றாள். அன்றைக்கு அவளுக்கு டீ வாங்கித் தரவில்லை நான்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு எங்கள் தொழிற்சாலையில் ஊழியர்கள் எடுத்த போட்டோக்களைக் கண்காட்சியாக வைக்கப்போவதாகச் சொன்னார்கள். ஓசூரில் ஆயுத பூஜை என்றால் எப்படியென்று இங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும். அன்றைக்குத்தான் கேட்டைத் திறந்து வீட்டு ஆட்களை உள்ளே விடுவார்கள். அத்தனை பேரும் வருகிற அந்த நாளில் என் படம் சுவரில் இருக்க வேண்டும், எல்லோரும் அதன் முன்னால் நின்றுவிட்டுப் போக வேண்டும். எனக்கு வேறு எந்த ஆசையும் அப்போது இல்லை.

அதற்காகத்தான் மஞ்சுளாவோடு தளிக்குப் போனேன். அவர்கள் வீட்டுச் சாமந்தித் தோட்டம் மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. அவள் அம்மா கௌரம்மா ‘ஊட்டா ஆய்த்தா’, சாப்பிட்டாயா என்று கன்னடத்தில் கேட்டபடியே, பதிலுக்குக் காத்திராமல் ராகிக் களியைத் தட்டில் வைத்துவிடுகிறவர். நான் கேமராவைத் தூக்கியதும் அவர் பாட்டுக்குக் கூடையோடு பாத்தியில் இறங்கிப் பூப் பறிக்க ஆரம்பித்துவிட்டார். “அம்மா, கொஞ்சம் ஒதுங்கிக்கிடுங்க” என்றேன். அவரும் சிரித்துக்கொண்டே ஒதுங்கினார். தண்ணீர் விடும் ரப்பர் குழாயைச் சுருட்டி அப்பால் போட்டேன். சைக்கிளைத் தள்ளி வைத்தேன். படத்தின் ஓரத்தில் வந்துவிட்ட தகரக் கொட்டகையை ஸ்டூடியோவில் சொல்லி வெட்டிவிட்டேன். பூ, மேகம், தூரத்து மலை. கீறல் இல்லை, பிசிறு இல்லை.

மஞ்சுளா அதை மற்ற எல்லாப் படத்தையும்விட அதிக நேரம் பார்த்தாள். பிறகு சிவப்பில் வைத்தாள்.

“இதுல என்ன குறை கண்ட? ஒன்னு சொல்லு பாப்போம்” என்றேன். குரல் எனக்கே தெரியாமல் ஏறிவிட்டது.

“கொற ஒன்னும் இல்ல. ஆளும் இல்ல. எங்கம்மாவ ஒதுங்கச் சொன்ன பாரு, அப்பவே இது ரிஜெக்ட்டு.”

பொறாமை என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பிறகு ஆயுத பூஜை வரைக்கும் எங்களுக்குள் பேச்சு இல்லை. பக்கத்துப் பக்கத்து ஸ்டூல், எதிரெதிர்க் கட்டில், நடுவில் உர்ரென்ற மௌனம். படத்தைக் கண்காட்சிக்குக் கொடுத்தேன், எடுத்தும்கொண்டார்கள். கேன்டீன் வாசலில் தெர்மாகோல் பலகையில் நடுநாயகமாகக் குத்தி வைத்தார்கள்.

பூஜை நாளில் இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. கையில் பொரியும் சுண்டலுமாக வீட்டு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். நான் என் படத்துக்குப் பக்கத்திலேயே, தற்செயலாக நிற்கிறவள் போல, நெடுநேரமாக நின்றிருந்தேன். மஞ்சுளா தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். கௌரம்மா என் கன்னத்தைத் தடவிவிட்டு, படத்துக்கு முன்னால் நின்று, பக்கத்தில் போய் உற்றுப் பார்த்தார்.

“பூ நல்லா வந்திருக்குது. இது யாரு தோட்டம்மா?” என்றார்.

தினமும் விடிவதற்கு முன் தான் இறங்கும் தோட்டத்தை அந்த அம்மாவுக்கு அடையாளம் தெரியவில்லை. அவர் தெரிந்துகொள்கிற மாதிரி அதில் நான் எதையும் மிச்சம் வைக்கவில்லை. மஞ்சுளா என்னைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள். இப்போது சொல்லப்போகிறாள் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஏதோ வெளியூருதும்மா. வா, என் எடத்தக் காட்டறன்.”

எனக்குத் தெரிந்து மஞ்சுளா சொன்ன ஒரே பொய் அதுதான். நான் எதிர்பார்த்துக் குனிந்த அடி விழவில்லை. விழுந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

கொஞ்ச நேரம் கழித்து கேமராவை எடுத்துக்கொண்டு அவர்கள் பின்னாலேயே போனேன். கௌரம்மா மகளின் ஸ்டூலில் உட்கார்ந்து, காலித் தட்டுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். விரலெல்லாம் குங்குமம். பின்னால் யாருடைய முழங்கையோ, ஒரு குழந்தையின் பாதி முகம், மேலே ட்யூப்லைட். யாரையும் ஒதுங்கச் சொல்லாமல் எடுத்தேன்.

அந்தப் படத்தை மஞ்சுளா வெளிச்சத்தில் சாய்த்து வெகுநேரம் பார்த்தாள். எந்தக் குவியலிலும் வைக்கவில்லை. என் கையில் திருப்பிக் கொடுத்து, “ஏட்டீ, இத வெச்சிக்கோ” என்றாள். அதற்குப் பிறகு நான் எடுத்த படங்களில் பாதிக்கு மேல் சிவப்புக்குத்தான் போயின. எனக்குக் கோபம் வருவது நின்றுவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். வரும், ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்குள் தணிந்துவிடும். பிறகு நானே போய், “சரி, இது ஏன் ஆகாதுன்னு சொல்லு” என்று கட்டிலோரம் உட்காருவேன். அந்த உட்காருதல் எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று அப்போது தெரியவில்லை.

அவளுக்குக் கல்யாணமாயிற்று, ஆனேக்கல் பக்கம் போய்விட்டாள். எனக்கும் ஆயிற்று. ஹாஸ்டல் இருந்த கட்டடத்தில் இப்போது செல்போன் கடை. எங்கள் பிரிவில் ஸ்டூல்களே கிடையாதாம், கேமரா வைத்து இயந்திரமே பிரித்துவிடுகிறதாம். எப்போதாவது போன் பேசிக்கொண்டால் பிள்ளைகளின் பரீட்சை, முட்டிவலி என்று சுற்றிவிட்டு வைத்துவிடுகிறோம்.

நேற்று எனக்கு என்ன தோன்றியதோ, செல்போன் கேமராவை விரலால் நன்றாக மூடிக்கொண்டு ஒரு படம் எடுத்தேன். முழுக்கச் சிவந்த இருட்டு, வேறொன்றும் இல்லை. அதைக் குழுவில் போடாமல் மஞ்சுளாவுக்கு மட்டும் அனுப்பிவிட்டு, ஒரு நீளமான ‘ஏட்டீ’க்காகக் காத்திருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியவில்லை.

இதயம் வந்தது. ‘சூப்பர்.’

பீரோவிலிருந்து கௌரம்மா படத்தை எடுத்துப் பார்த்தேன். ஓரத்தில் அந்தக் கட்டைவிரல் ரேகை மங்கலாக இன்னும் இருக்கிறது, வாசனைதான் போய்விட்டது. பூஜையன்று எனக்காகப் பொய் சொல்வதற்கு முன்னால் மஞ்சுளா என் படத்தை ஒரு தடவை பார்த்தாள். இப்போது ‘சூப்பர்’ போடுவதற்கு அதுகூட வேண்டியிருக்கவில்லை.