செல்லக்கனியின் திங்கட்கிழமை

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு அருகிலிருந்த ஒரு லாட்ஜில் அறைகளைக் கவனிக்கும் வேலைக்குச் சேர்ந்து பதினோரு வருடமாகியும், செல்லக்கனிக்கு வார விடுமுறை என்று ஒன்று வாய்க்கவில்லை. கேட்டால், "நீ நம்ம வீட்டு மனுசிதானம்மா" என்பார் முதலாளி. 1991-இல் அவள் மகளுக்கு நிச்சயதார்த்தம் என்றதும் லாட்ஜின் மாடி ஹாலையே இலவசமாகக் கொடுத்தார். அவளுக்கும் மனசு குளிர்ந்துதான் போனது.

ராஜபாளையத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து, தட்டு மாற்றப் போகும் நேரத்தில் மேனேஜர் பொன்னுராஜ் அவள் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அக்கா, ஏழாம் நம்பர் ரூம்ல பெட்ஷீட் மாத்தணுமாம். செத்த வந்துட்டுப் போங்க."

பட்டுச்சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் மாற்றிவிட்டு வந்தாள். அதற்குள் தட்டு மாற்றியாகிவிட்டது. மகள் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அடுத்த திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. மம்சாபுரத்தில் அவள் வீட்டுக்கு முதலாளியே காரில் வந்து இறங்கினார்.

"என்னம்மா, உன்னை நான் வேலைக்காரியாவா நடத்துனேன்?"

"வேலைக்காரியாவே நடத்துங்க மொதலாளி. அவளுக்குன்னா வாரத்துல ஒருநாள் லீவு உண்டுல்லா. இனிமே திங்கட்கெழம நான் வரமாட்டேன்."

முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார். ஆனாலும் திங்கட்கிழமை தோறும் பொன்னுராஜ் சைக்கிளில் வந்து, கொசுவலை எங்கே, புது வாளி எங்கே என்று வாசலில் நின்று கேட்பார். தெரியாது, போங்க என்று சொல்லத்தான் செல்லக்கனி வாயெடுப்பாள். அதற்குள், "மாடிப்படிக்கு அடியில பாருங்க, சாக்குக்குப் பின்னால இருக்கும்" என்று வந்துவிடும். அவர் போன பிறகு தன் மேலேயே எரிச்சல் எரிச்சலாக வரும் அவளுக்கு.