கொடும்பாவிக்கு அழுதவள்

அழுவதற்கு ஆள் கிடைக்காமல் ஒரு கொடும்பாவி நடுப்பாதையில் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். சிரித்த ஊரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

போன கிழமை கண்டியில் மருந்து வாங்கிவிட்டு, பஸ்ஸுக்கு நேரம் கிடந்ததால் எனக்குப் பழக்கமான துணிக்கடையில் உட்கார்ந்திருந்தேன். சுவரில் டீவி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ ஒரு தூர தேசத்தில், யுத்த காலத்தில் ஊர் ஊராக ஆட்களைக் கொன்றான் என்று தேடப்பட்ட பட்டாளத்துப் பெரியவன் ஒருவனைப் பிடித்துவிட்டார்களாம். பெயரை மாற்றிக்கொண்டு இத்தனை காலமும் ஒளிந்திருந்தானாம். ஒரு தெருவில் சனம் வெடி கொளுத்தி ஆடியது. அடுத்த தெருவில் அவன் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சனம் அழுதது. எங்கள் பிள்ளையைப் பிடித்துவிட்டார்களே என்று அழுகிறார்கள் என்று செய்தி வாசித்த பெண் சொன்னாள்.

கடை முதலாளி நல்ல மனிதர், ஐந்து வேளை தொழுகிறவர். அவரும், "பாவம்மா, வயசாளி மனிசன். இனிப் புடிச்சி என்னத்தச் செய்யப் போறாங்க?" என்றார்.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி வந்ததோ, "வயசாகுறதுக்கு முன்னாடியே செத்துப் போனவங்கள யாரு மொதலாளி பாவம்னு சொல்றது?" என்று கேட்டுவிட்டேன். அவர் டீவியை நிறுத்திவிட்டு எனக்குப் பிளேன்டீ வரவழைத்தார். நான் தொடவில்லை. அந்த 'வயசாளி மனிசன்' என்ற சொல்லை நான் சின்ன வயசிலேயே கேட்டாயிற்று. கேட்ட இடம் ஹேவாஹெட்டப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே இருக்கும் சந்தி.

எங்கள் அம்மாவுக்கு ஒரே தம்பி. எனக்குச் சின்ன மாமா. எனக்கு விவரம் தெரியத் தொடங்கிய வருஷத்து இனக்கலவரத்தில் கீழ்ச் சந்தியிலிருந்த லொறி முதலாளி ஒருவன் தன் லொறியிலேயே ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்து எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு நெருப்பு வைத்தான். நாங்கள் எல்லோரும் தேயிலைக்குள் ஓடிவிட்டோம். மாமா மட்டும் பட்டியில் கட்டியிருந்த பசுவை அவிழ்த்துவிடத் திரும்பிப் போனார். பசு வந்தது. மாமா வரவில்லை.

மிஞ்சியதைப் பொலிஸார் கோணியில் கட்டி எடுத்துப் போனார்கள். எங்கே புதைத்தார்கள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. தோட்டத்துத் துரை லயத்துக்கு வந்து, சாவுக்குத் தப்பு மேளம் அடிக்கக்கூடாது, சத்தம் போட்டு அழக்கூடாது, சத்தம் கேட்டால் அவர்கள் திரும்ப வருவார்கள் என்று கட்டளை போட்டுவிட்டுப் போனார். எங்கள் அம்மா சுற்றுவட்டாரத் தோட்டங்களிலெல்லாம் பெயர்பெற்ற ஒப்பாரிக்காரி. எவர் வீட்டுச் சாவுக்கும் ஆள் அனுப்பிக் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்டவள் சொந்தத் தம்பிக்கு முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு இருந்தாள். அதற்குப் பிறகு எந்தச் சாவு வீட்டிலும் அவள் வாய் திறக்கவில்லை. கேட்டால், "பாட்டு மறந்துபோச்சு" என்பாள். ஒப்பாரி மறந்துபோகும் பொருளா? எல்லோரும் தலையாட்டிக்கொண்டார்கள்.

லொறி முதலாளி தலைமறைவாகிவிட்டான். இந்தியாவுக்குப் போய்விட்டான் என்றார்கள், மொட்டை அடித்துக்கொண்டு ஏதோ மடத்தில் இருக்கிறான் என்றார்கள். சில வருஷம் கழித்து ஒருநாள் காலைப் பஸ் கொண்டக்டர் சேதி கொண்டுவந்தான். எங்கோ வறண்ட பக்கத்தில் ஒரு நெல் ஆலையில் வேறு பெயரில் காவல்காரனாக இருந்தவனைப் பிடித்துவிட்டார்களாம்.

அன்றைக்குத் தோட்டம் தோட்டமாக இல்லை. கங்காணி எல்லோருக்கும் டொபி மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். அதுவரை அந்த நாளைப் பற்றி வாயே திறக்காதவர்கள் எல்லோரும் அன்றைக்கு வீரர்களானார்கள். எங்கள் பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், "நான் அன்னிக்கே அவன் சட்டையக் கொத்தாப் புடிச்சவன்டா" என்றார்.

அப்பா பீடியைப் பற்றவைத்தபடியே, "சட்டையா அண்ணே அது? தேயிலைச் செடியில்ல? ரெண்டு பேரும் ஒரே மரத்தடியிலதான கெடந்தோம்" என்றார்.

ஆனால் கீழ்ச் சந்தியில் வேறு கூத்து. அம்மா அரிசி வாங்கப் போனபோது என்னையும் கூட்டிப்போனாள். பொலிஸ் நிலையத்துக்கு முன்னால் சனம். வெற்றிலை, செவ்விளநீர், பூமாலை. எல்லாம் அவனுக்கு. அவன் சந்தியில் பஸ் நிற்கும் இடத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தவனாம், கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்தவனாம். கூரை போட்டவன் கூரையைக் கொளுத்துவானா என்று ஒருவர் நியாயம் பேசினார். கடைக்காரன் அரிசியை நிறுத்துக்கொண்டே, "வயசாளி மனிசன், சொகமில்லாதவரு, விட்டுறலாம்" என்றான். அம்மா அரிசியை அவன் மேசைமேலேயே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அன்று இரவு எங்கள் வீட்டில் மரவள்ளிக் கிழங்குதான்.

இதைக் கேட்டதும் பெரியப்பா கொதித்துவிட்டார். "அவனுங்களுக்கு மாலைன்னா நமக்குக் கொடும்பாவி" என்றார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மழை பொய்த்தால் எங்கள் சனம் ஓர் ஆள் உருவம் கட்டும். ஊரில் உள்ள பாவமெல்லாம் அந்த உருவத்தில் ஏறிவிட்டதாக வைத்து, அதைத் தெருத் தெருவாக இழுத்துப்போய், செத்த பிணத்துக்கு அழுவதுபோல் பெண்கள் அழுது, ஆற்றோரத்தில் எரிப்பார்கள். அதுதான் கொடும்பாவி. அந்த ஞாயிற்றுக்கிழமை மழைக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் கட்டினோம். மலையில் வைக்கோலுக்கு எங்கே போவது? மானாப்புல்லை அறுத்து வந்து, தோட்டத்து டிரைவரின் பழைய காற்சட்டைக்குள் திணித்தோம். வலது கால் முழுவதும் நான் அடைத்ததுதான். கரியால் மீசை வைத்தது பெரியப்பா. அவன் மீசையைவிட நன்றாகவே வந்திருந்தது.

கயிறு கட்டி இழுத்துக்கொண்டு மாரியம்மன் கோயில் வளைவுவரை வந்தோம். அங்கே தப்படிக்கிறவர் குச்சியை நிறுத்திவிட்டார்.

"யாரு அழுகுறது?" என்றார். "அழாம எரிச்சா பாவம் எரியாது. தோட்டத்துலயே தங்கிரும். பொறகு என்னையக் குத்தம் சொல்லப்படாது."

அதுவரை ஒருவரும் அதை நினைக்கவில்லை. கோபத்தில் கட்டிய கொடும்பாவிக்கும் சடங்கு ஒன்றுதானே. அழாமல் எரிக்கத் துணிந்தவர் யாரும் இல்லை. அழத் துணிந்தவரும் இல்லை. 

"அந்த நாசமாப் போனவனுக்கு எவ அழுவா?"

"நான் மாட்டேன்டியம்மா. என் கண்ணு அவிஞ்சு போகும்."

பெரியப்பா தன் மனைவியைப் பார்த்தார். பெரியம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு, "என்னைய ஏன் பாக்குறீங்க? நீங்க செத்தாலே அழலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டு இருக்கேன்" என்றாள். லயமே சிரித்தது. கொடும்பாவி மீசையோடு வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

பிறகு ஒவ்வொரு கண்ணாக அம்மா பக்கம் திரும்பியது. பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஏம்புள்ள, நீ ரெண்டு வரி எடுத்து விடேன். சும்மா பேருக்கு" என்றார்.

"பேருக்கா?" அம்மாவின் குரல் உயரவில்லை. "என் தம்பி பேருக்கே வாயத் தொறக்க விடல நீங்க. தொரை சொன்னாருன்னு எல்லாரும் கைகட்டி நின்னீங்க. இவன் பேருக்கு நான் தொறக்கணுமா பெரியத்தான்?"

அம்மா லயத்துக்குத் திரும்பிப் போய்விட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பார்த்தீர்களா எங்கள் அம்மாவை என்று எல்லோர் முகத்தையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் திரும்பி வந்தபோது கொண்டையை அவிழ்த்துவிட்டிருந்தாள். கையில் ஒரு பிடி அரிசி. நேரே வந்து கொடும்பாவியின் தலைமாட்டில் மண்ணில் உட்கார்ந்தாள். கரி மீசையை முந்தானையால் துடைத்தாள். அரிசியை அதன் வாய் இருக்கவேண்டிய இடத்தில் போட்டாள். அப்புறம் எடுத்தாள் பாருங்கள், ஒப்பாரி! இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி என்றாள். பசு வந்துவிட்டது, நீ எங்கே என்றாள். கல்யாணத்துக்குப் பார்த்துவைத்த பெண்ணுக்கு என்ன சொல்லட்டும் என்றாள். தப்படிக்கிறவர் ஒன்றும் கேட்காமல் அடியை மாற்றினார். அது இழுக்கிற அடி இல்லை, சாவு வீட்டு அடி. மாட்டேன் மாட்டேன் என்ற பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து உட்கார்ந்து தோளோடு தோள் சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். முதலில் வந்தவள் பெரியம்மா.

எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்ல? மாமாவைக் கொன்றவனை, எங்கள் அம்மா, தம்பி தம்பி என்று கூப்பிட்டு அழுகிறாள்! நான் ஓடிப்போய் அவள் சேலையைப் பிடித்து இழுத்தேன். "அம்மா, இவன்தான் மாமாவ எரிச்சவன்! இவனுக்கு அழாத!" என்று கத்தினேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பாதான் என்னைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஆற்றோரத்தில் பெரியப்பா பந்தத்தைக் கொளுத்திக்கொண்டு வந்தபோது அம்மா எழுந்து குறுக்கே நின்றாள்.

"நெருப்பு வேணாம்."

"என்ன புள்ள சொல்ற? கொடும்பாவிய எரிக்காம என்ன செய்யுறது?"

"ஒருக்கா எரிஞ்சது போதும். பொதைங்க."

பெரியப்பா பந்தத்தைப் பிடித்தபடி நின்றார். அப்பா மண்வெட்டியை எடுத்து, தேயிலை முடிகிற மேட்டில் வெட்டத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் பெரியப்பாவும் பந்தத்தைத் தண்ணீரில் அமிழ்த்திவிட்டு அவரோடு சேர்ந்துகொண்டார். 

பிடிபட்டவன் அதிக நாள் உள்ளே இருக்கவில்லை. சாட்சி போதாது என்றார்களாம். எங்களை யாரும் சாட்சிக்குக் கூப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. மேலே திறந்த வான் வண்டியில் நின்றுகொண்டு, கழுத்து நிறைய மாலையோடு, தான் போட்ட கூரையின் கீழேயே வந்து இறங்கினான். அதைப் பற்றி ஊர் இரண்டு நாள் பேசியிருக்கும். எங்கள் அம்மா அழுததைப் பற்றித்தான் வருஷக்கணக்காகப் பேசியது. கொலைகாரனுக்கு மாரடித்தவள் என்றார்கள். எரிக்கவிடாமல் தடுத்தவள், அதனால்தான் அவன் தப்பி வந்தான் என்றும் சொன்னார்கள். அன்றைக்கு அங்கே இல்லாத பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள்தான் கூடுதலாகச் சொன்னார்கள். கொளுத்தியவனை ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. அழுதவளை எல்லோரும் விசாரித்தார்கள்.

பள்ளிக்கூடத்தில் என்னைக் 'கொடும்பாவி மருமகள்' என்று கூப்பிட்டார்கள். நான் வீட்டுக்கு வந்து அம்மாவின் கையால் சோறு வாங்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தேன். அவள் ஒரு சமாதானமும் சொல்லவில்லை. தட்டைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கொழுந்து எடுக்கப் போய்விடுவாள். அந்த மாதமே பக்கத்து லயத்துச் சாவு ஒன்றுக்கு ஆள் வந்து கூப்பிட்டபோது மறுபேச்சில்லாமல் எழுந்து போனாள். அவள் குரல் மலைக்கு அந்தப் பக்கம்வரை கேட்டது.

ஆடி அமாவாசைக்கு அம்மா குளித்துவிட்டு, தேங்காயும் சூடமும் எடுத்துக்கொண்டு அந்த மேட்டுக்குப் போவாள். அப்பா கூடவே போவார். நான் போகமாட்டேன். லய வாசலில் நின்றபடி, யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று வெட்கத்தில் செத்துக்கொண்டிருப்பேன். அந்த மண்ணுக்குள் இருப்பது மானாப்புல்லும் டிரைவரின் பழைய காற்சட்டையும் மட்டும்தான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது.