துவைப்பவளும் வாய்க்காலும்

எந்தப் பழைய ஓவியம் வந்தாலும் கனீஸ் பாத்திமா முதலில் முகர்ந்துதான் பார்ப்பார். "இது சாம்பிராணி போட்ட வூடு." "இது சமையல்கட்டு பக்கம் மாட்னது, தாளிச்ச வாசம் இன்னும் போவல." அதற்குப் பிறகுதான் குச்சியில் பஞ்சு சுற்றுவார். பழைய ஓவியங்களில் படிந்த கரியையும் தூசியையும் எடுப்பது அவர் தொழில். முல்லா வீதியிலுள்ள அவர் வீட்டில், வெயில் எட்டாத பின்னறையில் அது நடக்கிறது.

ஊர் நடுவே ஓடும் பெரிய வாய்க்காலை வரைந்த படம் என்றால் மட்டும் கை நின்றுவிடும். "நான் பள்ளிக்கூடம் போறப்ப இதுல தண்ணி ஓடும். மழை வுட்டதும் பாலத்துல நின்னு எட்டிப் பாப்பேன். அத்தா இடுப்ப புடிச்சிக்குவாரு." இப்போது அதே பாலத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு கடக்கிறார்.

சில மாதங்களுக்கு முன் இளஞ்செழியன் என்ற ஹோட்டல்காரர் ஒரு படம் கொண்டுவந்தார். பிரெஞ்சுக்காரர் யாரோ அந்தக் காலத்தில் வரைந்த வாய்க்கால். கரி விலக விலக, கீழ்மூலையில் துணி துவைக்கும் பெண் ஒருத்தி தெரிந்தாள். பக்கத்துப் படியில் தூங்கும் குழந்தை. வெயிலுக்கு அதன்மேல் ஈரத்துணி.

வந்து பார்த்த இளஞ்செழியன் முகம் சுளித்தார். "இந்தம்மா வேணாம் மேடம். அந்த எடத்துல தண்ணியா வரைஞ்சிடுங்க."

"நான் அழுக்க எடுக்கறவ தம்பி. ஆள எடுக்கறவ இல்ல."

"ரூம் எடுக்க வர்றவங்களுக்கு அழகா இருக்க வேணாமா?"

"அப்ப ஏது போட்டோ? இந்த வாய்க்கால்ல யார் யார் பொழச்சாங்கன்னு சொல்ல இதுதான் இருக்கு. அழிச்சிட்டா, அப்படி ஒருத்தி இல்லவே இல்லன்னு ஆயிடும்."

"வேற ஆள பாத்துக்கறேன்" என்று அவர் படத்தைத் தூக்கப் போனார். பாத்திமா தடுக்கவில்லை. "எடுத்துனு போங்க. அதுக்கு முன்னாடி ஒரு தபா கிட்ட பாத்துடுங்க" என்று பூதக்கண்ணாடியை நீட்டினார்.

குனிந்தவர் கண்ணாடியைப் பெண்ணிடமிருந்து குழந்தைமேல் நகர்த்தினார்.

"எங்கம்மாவும் இப்படித்தான் தொவைப்பாங்க" என்றார் மெல்ல. "என்னய கரையில படுக்க வச்சிட்டு. ஸ்கூல்ல பசங்க அத சொல்லித்தான் சிரிப்பானுங்க."

படத்தை அவர் அன்று எடுத்துப் போகவில்லை. பாத்திமா பொறுமையாக வேலையை முடித்துக் கொடுத்தார். இப்போது அது ஹோட்டலின் முன்கூடத்தில், அந்தப் பெண்ணோடும் குழந்தையோடும் தொங்குகிறது.

இதையெல்லாம் எனக்குச் சொன்ன பாத்திமாவோடு போன வாரம் நானும் பார்க்கப் போனேன். படத்தின் கீழே மேசைமேல் யாரோ பெரிய பூச்சாடி வைத்திருந்தார்கள். அந்தப் பெண் இருந்த மூலையே தெரியவில்லை. வரவேற்பில் இருந்த பெண் என்ன வேண்டும் என்று கேட்பதற்குள், பாத்திமா சாடியை இரண்டு கையாலும் தூக்கி மேசையின் மறு ஓரத்தில் வைத்தார்.