இரண்டு கண்ணாடிக்கும் ஒரே கால்

காரின் முன்கண்ணாடி வெடித்தபோது பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. கடைசி நட்டை அரைச் சுற்று இறுக்கினேன். இடது மூலையிலிருந்து ஒரு கீறல் மெதுவாக மேலேறியது. எதிரே, காரைச் செய்யக் கொடுத்த கொழும்பு முதலாளி. பக்கத்தில் மச்சான், அதாவது என் அக்கா, ராத்தாவின் புருஷன், குறிஞ்சிப்பிட்டியில் நான் வேலைசெய்த பைபர் படகுப் பட்டறையின் சொந்தக்காரர். "இவனுக்குக் கை பாரம்" என்று முதலாளியிடம் சிங்களத்தில் சொன்னார், எனக்குச் சிங்களம் தெரியாதது போல.

பழைய காலத்துத் திறந்த பந்தயக் காரொன்றின் அச்சொட்டான நகல் அது. முதலாளிக்கு அதில் இரண்டு முன்கண்ணாடிகள் வேண்டும்: கொழும்புக்கு ஓட்டிப்போக உயரமானது, தன் ஹோட்டல் விருந்தாளிகளுக்குக் காட்டக் குட்டையானது. நினைத்த நேரத்தில் கழற்றி மாற்ற வேண்டும். மச்சான் வாயில் இல்லை என்ற சொல்லே வராது. ஆனால் எங்களுடையது படகுக் கை. பலகையைப் பிடித்துப் பார்த்து, தொட்ட இடத்தில் துளை போடுவோம். ஒரு படகின் பலகை இன்னொன்றுக்குப் பொருந்தாது, பொருந்தவும் தேவையில்லை. படகை அச்சிலிருந்து இரண்டாம் நாளே கழற்றியும் விடுவோம். காரின் உடலையும் மச்சான் அப்படியே கழற்றினார். பைபர் முழுதாக இறுகாவிட்டால் உடல் வளையும், ஏழு நாள், ஒரு கிழமையாவது அச்சிலேயே கிடக்கட்டும் என்றேன். "கடலுக்குத் தெரியாத வளைவு கண்ணாடிக்குத் தெரியப்போகுதா?" என்று சிரித்தார். கண்ணாடிக்குத் தெரிந்திருந்தது. பழி மட்டும் என் கைக்கு வந்தது.

போரில் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வந்த எனக்கும் ராத்தாவுக்கும் கூரை கொடுத்தவர் அவர். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்வதா என்று வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டேன். இப்போது நினைத்தால் என்மேலேயே எரிச்சல் வருகிறது.

மச்சான் வேலையாகச் சிலாபத்துக்குப் போயிருந்த மூன்று நாட்களில் நான் அதைச் சரிசெய்தேன். தகரத்தில் ஒரேயொரு அளவுத் தகடு வெட்டி, அதை வைத்தே இரண்டு கண்ணாடிச் சட்டங்களுக்கும் துளையிட்டேன். காரின் உடலுக்குள் இரும்புப் பட்டை ஒன்றைப் பதித்து, நான்கு கால்களை நிறுத்தினேன். எந்தக் கண்ணாடி வந்தாலும் அந்தக் கால்களில்தான் உட்கார வேண்டும். தகட்டின் மறுமுனையைப் பிடித்தது ராத்தா. அடுப்பில் உலையை வைத்துவிட்டு ஓடி வருவா. கண்ணாடி இரும்பில் நேரே படக்கூடாதே என்று நான் தலையைச் சொறிந்தபோது, "பழைய செருப்பு றப்பர வெட்டி வெச்சுப் பாரன்" என்றதும் அவதான். வைத்தோம். வெடித்ததற்குப் பதில் வந்த புதிதும் மற்றதுமாக, இரண்டு கண்ணாடிகளும் மாறிமாறி அலுங்காமல் உட்கார்ந்தன. அன்று ராத்தா சிரித்த சிரிப்பை அதற்குமுன் நான் கண்டதில்லை.

முதலாளி வந்து தானே கழற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு தமிழில் கேட்டார், "யார் செய்தது? எனக்கு இன்னும் கார்கள் செய்ய வேணும். செய்தவருக்கே தனிப் பட்டறை போட்டுத் தாறன்." மச்சான் நெஞ்சில் கை வைத்து, "நான்தான்" என்றார். நான் ராத்தாவைப் பார்த்தேன். அவ தேத்தண்ணீர்த் தட்டுடன் நின்றா. முதலாளியும் அவவைப் பார்த்தார்.

"ஓம் சேர்" என்றா ராத்தா, மச்சானைக் காட்டி. "மூணு நாளா சாப்பாட்டுக்கும் வராம இவர்தான் செஞ்சவர்."

மறுநாளே நான் உச்சமுனைக்கு வந்துவிட்டேன். இங்கே ஓட்டைப் படகுகளுக்கு ஒட்டுப் போடுகிறேன். மச்சானுடைய பட்டறையில் இப்போது கார்கள் வரிசையாக நிற்கின்றனவாம். அவருடைய பொய் எனக்குப் பழகிவிட்டது, பொய் சொல்வது அவர் சுபாவம். ராத்தாவின் பொய்தான் இன்னும் ஆறவில்லை. போன பெருநாளன்று தொலைபேசியில் எடுத்தபோது, இத்தனை வருடத்தில் முதல்முறையாகக் கேட்டுவிட்டேன்: "ஏன் ராத்தா அப்புடிச் சொன்னீங்க?"

மறுமுனையில் அவ கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"உனக்கு வேற பட்டறை கிடைக்கும் தம்பி. எனக்கு வேற ஊடு எங்க கிடைக்கும்?"