விசையும் குதிரையும்

என் வீட்டுக்காரரைச் சுட்டது என் தம்பி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்தில் எங்கள் தெருக்காரர்கள் இதைச் சுற்றி வளைத்து, குரலைத் தாழ்த்திப் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் புளித்துவிட்டது. பட்டப்பகலில், எங்கள் வீட்டுக் கூடத்தில் சுட்டான். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் அவர் போய்விட்டார். வேண்டுமென்றே சுட்டானா என்பது ஒன்றுதான் எனக்குத் தெரியவேண்டியிருந்தது.

ரிவால்வர் என் மாமனாருடையது. கல் குவாரி நடத்திய காலத்தில் உரிமம் வாங்கியிருக்கிறார். அவர் காலமானபின் அது என் வீட்டுக்காரர் பெயருக்கு மாறியது. நான் மருமகளாக வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், அந்த வீட்டில் ஒருவரும் அதை ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. ஆயுத பூஜைக்கு டிராக்டர் சாவியின் பக்கத்தில் வைத்துச் சந்தனம், குங்குமம் இடுவார்கள். முக்கியமான விருந்தாளிகள் வந்தால் பீரோவைத் திறந்து காட்டுவார்கள். அந்த வீட்டில் எனக்குக் கிடைக்காத மரியாதை அந்த இரும்புக்குக் கிடைத்தது என்று நான் பொருமியது உண்டு.

தேர்தல் வந்தால் மட்டும் அது வீட்டை விட்டுப் போகும். உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு வரும். எல்லாம் முடிந்தபின் போய்த் திரும்ப வாங்கி வரவேண்டும். அப்படி வாங்கிவரப் போன அன்று தம்பியும் கூடப் போனான். எங்கள் பிறந்த ஊரான மண்டகப்பட்டில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கி முடித்து, அக்காவுக்கென்று ஒரு பை எடுத்துக்கொண்டு அன்று காலைதான் வந்திருந்தான். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே திரும்பினார்கள். வந்ததும் என் வீட்டுக்காரர் ஸ்டேஷனில் தனியாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்த குண்டுகளைப் பிரித்து, உருளையில் ஒவ்வொன்றாகப் போட்டார்.

“இப்பவே இன்னாத்துக்கு மாமா?” என்று தம்பி கேட்டான்.

“அப்பா என்னிக்கும் லோடு பண்ணித்தான் வெப்பாரு” என்றார்.

நான் அடுப்படியில் மல்லாட்டையை வேகப் போட்டிருந்தேன். மாமனும் மச்சானும் ஒருவரையொருவர் கிண்டல் செய்யாமல் இருந்தால்தான் எங்கள் பக்கத்தில் ஏதோ மனத்தாங்கல் என்று அர்த்தம். அதனால் அவர்கள் போட்ட சத்தம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

“துப்பாக்கிய கையில குடுத்தா நடுங்குது பாரு. நீயெல்லாம் காக்கா ஓட்டத்தான்டா லாயக்கு.”

“மாமா, சுட்டுடுவேன்.”

“சுட்றா பாக்கலாம்.”

பிறகு அந்தச் சத்தம். குக்கர்தான் வெடித்துவிட்டது என்று நான் அடுப்பைப் பார்த்தேன். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

வேண்டுமென்று செய்தானா என்ற சந்தேகம் எங்களைப் பெற்ற தாய்க்கு வரவில்லை, எனக்கு வந்தது. அதற்குக் காரணம் உண்டு. அதற்கு முந்தின தீபாவளிக்கு என் வீட்டுக்காரர் கோபத்தில் என்னை அறைந்துவிட்டார். நான் அழுதுகொண்டே தம்பிக்குப் போன் செய்தேன். அவன் பைக்கை எடுத்துக்கொண்டு வந்து, “எங்கக்கா மேல இன்னொரு தபா கை வெச்சா உன்ன உயிரோட வுட மாட்டேன்” என்று தெருவே கேட்கக் கத்தினான். பொங்கலுக்குள் இருவரும் சமாதானமாகிவிட்டார்கள், ஒரே இலையில் சாப்பிடாத குறைதான். ஆனால் தெரு மறக்கவில்லை. போலீஸ் கேட்டபோது அந்த வாக்கியத்தைத் தெருக்காரர்கள் எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார்கள். அந்தக் கோபம் அவன் உள்ளுக்குள் அணையாமல் இருந்திருந்தால், என் புருஷன் செத்தது என் ஒரு போனால்தான். படுத்தாலும் எழுந்தாலும் இதே நினைப்பு.

கேஸ் விழுப்புரம் கோர்ட்டில் நடந்தது. நான் ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏறினேன். “கட்டுனவன சுட்டவனப் பாக்க இப்படி ஓடிக்கினு கிடக்கியே, உனக்கே நல்லாருக்கா?” என்று மாமியார் வாசலில் நின்று கேட்பார். பிள்ளையைப் பறிகொடுத்தவர். நான் செருப்பை மாட்டிக்கொண்டு போவேன்.

துப்பாக்கியைச் சோதித்த அரசு நிபுணர் ஒரு நாள் சாட்சி சொன்னார். பின்னால் சுத்தி மாதிரி எழும்பி நிற்பது குதிரை, விரலால் இழுப்பது விசை என்று தொடங்கினார். பழைய வகை ரிவால்வர்களில் குதிரையைக் கட்டைவிரலால் ஏற்றிவைத்தால்தான் விசை வேலை செய்யும். இன்னொரு வகையில் குதிரையே வெளியில் தெரியாது, உள்ளே மறைந்திருக்கும், விசையை இழுத்தால் போதும். எங்களுடையது இரண்டுக்கும் நடுவில் உள்ள வகை, டபுள் ஆக்‌ஷன். குதிரையை ஏற்றியும் சுடலாம். ஏற்றாமலும் சுடலாம். விசையை இழுக்கும்போது அதே இழுப்பில் உருளை திரும்பும், குதிரை தானாக எழும்பி அடிக்கும்.

அடுத்து அவர் சொன்னதுதான் முக்கியம். குதிரை ஏற்றியிருந்தால் விரல் லேசாகப் பட்டாலே வெடிக்கும். ஏற்றாமல் இருந்தால் நீளமாக, அழுத்தி இழுக்க வேண்டும். கை தவறி அப்படி நடக்காது. அன்று ஏற்றியிருந்ததா இல்லையா என்பதைத் துப்பாக்கியைப் பார்த்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார்.

தம்பிக்காக வாதாடிய எங்கள் வக்கீல் வெளியே வந்ததும் என்னை வேப்பமரத்தடிக்குக் கூப்பிட்டார். “குதிரை ஏத்தி இருந்துச்சு, நான் பாத்தேன்னு சொல்லுங்கம்மா. அது ஒண்ணு போதும். கொலை இல்லன்னு ஆயிடும்.”

நான் பார்க்கவில்லை. கூண்டில் ஏறியதும், அவன் சுட்டபோது நான் அடுப்படியில் இருந்தேன், பார்க்கவில்லை என்றுதான் சொன்னேன். வக்கீல் என்னை முறைத்தார். பொய் சொல்லக் கூசவில்லை எனக்கு. என்ன நடந்தது என்று தெரியாமல் அவனைக் காப்பாற்ற மனம் வரவில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது எங்கள் அப்பாவின் துப்பாக்கி ஞாபகம் வந்தது. மல்லாட்டைக் கொல்லையில் பன்றி விரட்ட உரிமத்தோடு வைத்திருந்த ஒற்றைக்குழல் நாட்டுத் துப்பாக்கி. மண்டகப்பட்டில் நாங்கள் அறிந்த துப்பாக்கி அது ஒன்றுதான். அதில் குதிரை கீழே இறங்கியிருந்தால் விசையை எவ்வளவு இழுத்தாலும் ஒன்றும் ஆகாது. குழலில் மருந்து இடித்து நிரப்பியிருந்தாலும் வெறும் இரும்புதான். நானும் தம்பியும் சிறு பிள்ளைகளாக அதை வைத்து ஒருவரையொருவர் எத்தனையோ தடவை சுட்டிருக்கிறோம். அப்பா பார்ப்பார், குதிரை இறங்கியிருக்கிறதா என்று ஒரு பார்வை, அப்புறம் பீடியைப் பற்றவைத்துக்கொள்வார். தம்பி அன்று அப்படி நினைத்துத்தான் இழுத்தானோ என்று தோன்றியது. ஆனால் அவன் சினிமா பார்க்கிறவன், போனில் எதையெதையோ பார்க்கிறவன். அவனுக்குத் தெரியாது என்று நான் எதை வைத்து நம்புவது? ஜெயிலில் பார்க்கப் போனபோது கேட்டேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

சாட்சிகள் எல்லாம் முடிந்தபின் நீதிபதி தம்பியையே நேராகக் கேட்டார். என்ன சொல்ல வேண்டும் என்று வக்கீல் அவனுக்குப் பல தடவை சொல்லிக்கொடுத்திருந்தார். குதிரை ஏற்றியிருந்தது, விரல் பட்டுவிட்டது, அவ்வளவுதான். நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஆள் பாதியாக இளைத்திருந்தான்.

“குதிரை ஏற்றியிருந்ததா?” என்று நீதிபதி கேட்டார்.

“ஏத்தலிங்க ஐயா.”

வக்கீல் சட்டென்று நிமிர்ந்தார். தம்பி அவர் பக்கம் திரும்பவே இல்லை.

“ஏத்தியிருந்தா மாமா பக்கம் நீட்டியே இருக்க மாட்டேன். ஏத்தலன்னு ரெண்டு தபா பாத்துக்கினுதான் இழுத்தேன்.”

நீதிபதி புருவத்தைச் சுருக்கி, இழுத்தாயா என்று மறுபடி கேட்டார். இழுத்தேன் என்றான். அரசு வக்கீல் வேறு எதுவும் வேண்டியதில்லை என்பதுபோல நாற்காலியில் சாய்ந்துகொண்டார். தட்டச்சு செய்பவர் அதை அடித்து முடித்தார்.

அவன் கொலை செய்யவில்லை என்று அந்த அறையில் அப்பாவின் துப்பாக்கியை அறிந்த எனக்கு ஒருத்திக்குத்தான் தெரிந்தது. என் சாட்சி எப்போதோ முடிந்துவிட்டிருந்தது.